துடைத்த விரல்

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் தரம் பார்த்து ஸ்டார் போடத் திருவனந்தபுரத்திலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. நாற்காலி, ஜன்னல், எதைக் கண்டாலும் விரலால் தடவித் தூசி பார்ப்பார். அன்று கூட்டம் தெரியக் கூடாதென்று நோயாளிகளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்த என் மனைவி, காய்ச்சலோடு என் தோளில் சாய்ந்திருந்தாள்.

கிளம்பும்போது அவர் என்னிடம் கேட்டார்: “எந்தா அண்ணாச்சி, உள்ள போகலியா?”

“நீங்க போனப்புறம் வரச் சொன்னாங்க சாரே.”

என்னையே பார்த்தார். நான் பிடித்திருந்த கேட்டுக் கம்பியைத் தடவி, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

இப்போது வாசலில் ஸ்டார் போர்டு தொங்குகிறது. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது என்கிறாள் மனைவி. விழுந்தது. அதையும் சேர்த்துத்தான் துடைத்தார்.