ஐந்து, ஏழு, எட்டு

என் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஏழில் போனது. மூன்றாவது எட்டாம் மாதத்தில் பிறந்தது, ஆனால் அழவில்லை. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. ஒரு தடவை பார்க்கிறேன் என்று கெஞ்சினேன், வேண்டாம் என்றார்கள். பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். பிடிவாதக்காரி என்ற பேர் எனக்கு அன்றைக்கே விழுந்துவிட்டது.

என் மாமியார் ஒவ்வொரு தடவையும் என்னைத் திருவரங்குளத்துக்கு நடத்திக்கொண்டு போய், அம்மன் சன்னதியில் மண்சோறு சாப்பிட வைத்தார். வெறுந்தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயால் எடுக்க வேண்டும். மூன்றாவது பிள்ளையும் போன பிறகு அவர் என்னைத் தேற்றிய விதம் இது: "அஞ்சுல போனது ஏழுக்கு வந்துச்சு. ஏழு எட்டுக்கு வந்துச்சு. ஆத்தா கொஞ்சங்கொஞ்சமாக் கண்ணைத் தொறக்குறாடி. அடுத்தது பத்தும் நிக்கும் பாரு."

சிரிக்காதீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் விடவில்லை என்று என்னைப் புதுக்கோட்டைக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். அங்கே பெண்கள் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். பிள்ளை தங்காத பெண்களின் கதைகளை எல்லாம் ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்திருந்தார். யாருக்கு, எத்தனை, எந்த மாதத்தில். மருந்து கொடுப்பதற்கு முன்னால் கேள்விதான். ஏன் போகிறது என்று தெரியாமல் நிறுத்த முடியாது என்பார்.

"அஞ்சு, ஏழு, எட்டு" என்றேன். மாமியார் பேச்சைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பேனா நின்றது.

"ஒங்க வீட்டுக்காரர் எங்கயாவது வெளிதேசத்துல இருந்தாராம்மா?"

"கல்யாணத்துக்கு முந்தி ரங்கூன்ல. நாலு வருசம் கடையில இருந்தாக."

என் ரத்தத்தை எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். பதில் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். மேகநோய். ஆண்பிள்ளை போகக் கூடாத இடத்தில் வாங்கிவந்து, கட்டியவளுக்குக் கொடுக்கிற நோய். அந்த நோய் இப்படித்தான் செய்யுமாம். முதலில் சீக்கிரம் கலைக்கும், பிறகு வருகிற பிள்ளைகளை மாதம் தள்ளித் தள்ளிக் கொல்லும். நாங்கள் அம்மன் கண் திறக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்த அதே ஐந்து, ஏழு, எட்டை அவர் நோயின் நடையாகப் படித்துவிட்டார். ஊர் என்னை நாலு வருடமாக ராசியில்லாத வயிறு என்றது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வாராவாரம் ஊசி. வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிற வண்டியில் ஏறிக்கொள்வேன். உடம்பு பலத்துக்கு என்று மாமியாரிடம் சொல்லிவைத்தேன். அதற்குள் நான்காவதும் உண்டாகிவிட்டது. டாக்டர் சந்தோஷப்படவில்லை. "நீ எத்தனை ஊசி போட்டாலும், அவர் போடலைன்னா திரும்பவும் ஒனக்கு ஒட்டிக்கும்மா. அவரைக் கூட்டிக்கிட்டு வா" என்றார். ஒவ்வொரு வெள்ளியும் இதையே சொன்னார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "எனக்கு என்ன நோவு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. வெட்கப்பட்டார். ஆனால் அவருடைய வெட்கத்துக்கு என் பிள்ளைகளா சாக வேண்டும்?

ஏழாம் மாதம் வந்தது. ஆத்தா பத்தும் நிறுத்துவாள் என்ற தைரியத்தில் மாமியார் ஊரைக் கூட்டி வளையல் போட ஏற்பாடு செய்தார். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "இன்னிக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். இல்லைன்னா வளையலுக்குக் கையை விரிக்க மாட்டேன்." விளையாட்டு என்று நினைத்துத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வளையல்காரர் என் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, "கையை இளக்குங்க தாயி" என்றார். நான் முஷ்டியை மூடிக்கொண்டேன்.

கண்ணாடி வளையலை மூடின கையில் யாராலும் ஏற்ற முடியாது. ஊர்ப் பெண்கள் எல்லாம் பார்க்கிறார்கள். சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. மாமியார் குனிந்து காதருகே, "என்னடி இது, பிள்ளைக்கு ஆகாதுடி" என்றார்.

"அவுக வந்து சொன்னாத்தான் விரிப்பேன், அத்தே."

"எதைச் சொல்லணும்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஊரில் என் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்திருக்க முடியாது. எனக்கு வேண்டியது அவர் தலை குனிவது இல்லை, என் பிள்ளை பிழைப்பது. நகம் உள்ளங்கையில் பதிந்தது. பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கையை எமனே வந்தாலும் திறந்திருக்க முடியாது.

மாமியார் ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்து, பெண்கள் கூட்டத்துக்கு அப்பால் நிலைப்படியில் நின்றார். என் கையைப் பார்த்தார்.

"விரலை விரி. வண்டியைப் பூட்டியாச்சு" என்றார்.

இரண்டு கை நிறைய வளையலோடு அந்த மத்தியானமே வண்டி ஏறினேன். பாதி வழியில், "ஊசி வலிக்குமா?" என்று கேட்டார். "வலிக்கும்" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதன் பிறகு ஒரு வெள்ளிகூட அவர் தவறவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த உடனே ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி அழுதது. நானும் அழுதேன். டாக்டர் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் மூன்று வரிகளுக்குக் கீழே நான்காவதை என் கண் முன்னாலேயே எழுதினார்: பத்து, உயிரோடு. மாமியார் திருவரங்குளத்தில் குழந்தைக்கு முடி இறக்கினார். ஆத்தாவுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று நானும் கும்பிட்டேன்.

சில வருடங்கள் கழித்து அடுத்த தெருக்காரி ஒருத்தி, மருமகளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று என் மாமியாரிடம் யோசனை கேட்க வந்தாள். நாலில் ஒன்று, ஆறில் ஒன்று போய்விட்டதாம். நான் அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மண்சோற்றைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதையும் சொன்னார்.

பிறகு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "டவுனு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கிட்டுப் போ. போறப்ப ஒன் மவனையும் வண்டியில ஏத்து" என்றார்.

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. அந்த வீட்டில் ஒருவரும் அவரிடம் எதையும் சொன்னதில்லை.