பிலோமினாவின் நீளப் பந்து

தொலைக்காட்சியில் ஆறு நாடுகள் ஆடும் ரக்பி போட்டி. அந்த முட்டை வடிவப் பந்தைக் கண்டதும் பத்து வயதில் செஞ்சியில் இருந்தேன்.

அறுபதுகள் அவை. பக்கத்து வீட்டு பிலோமினாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். அங்கிருந்து அவர் அனுப்பிய பார்சலில் இப்படியொரு பந்து வந்தது. அதன் தோல் வாசனை தெரு முழுக்க அடித்தது. என் நைனா பஜாரிலிருந்து கடலைத் தூசியோடுதான் வருவார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் அம்மாவுக்குப் படிப்பில்லை, அவளுக்கோ அப்பாவின் கூட்டெழுத்து புரியாது. பந்தோடு வந்த கடிதத்தை நான்தான் படித்தேன். முதலில் நான்கு நாடுகள் ஆடினவாம், பிறகு பிரான்சையும் சேர்த்து ஐந்தாக்கினார்களாம், அந்த ஆட்டத்துப் பந்தாம். 'நீளமாகத்தான் இருக்கும், நசுங்கியதென்று நினைக்காதே' என்ற அடுத்த வரியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"இன்னாடி, கோணலா இருக்குது?" என்றாள் பிலோமினா.

"பார்சல்ல நசுங்கிடுச்சி. சைக்கிள் கடையில காத்தடிச்சா உருண்டையாயிடும்."

அடிக்க அடிக்க, பந்து வெடித்தது.

"நாம ரெண்டு பேரும் ஆடலாம்னு இருந்தேன்டி" என்று அழுதாள்.

மறுவருடம் அவள் பிரான்சுக்கே போய்விட்டாள். அதற்கும் எரிந்தது. அப்பாவின் கடிதங்களையெல்லாம், அந்தக் கடிதத்தையும் சேர்த்து, பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். கூட்டெழுத்து படிக்க எப்போதோ கற்றிருப்பாள்.