எல்லார் பானையிலும் ஒரு வாய்

முந்தாநாள் காலை பேச்சியக்காவின் மூத்த மகன், காஜா பெராங் பகுதியிலிருந்து புக்கிட் பாருவில் இருக்கும் என் வீடு தேடிச் சைக்கிளில் வந்தார். இறங்கியும் இறங்காமலும், "அம்மா போயிட்டாங்க மாமா" என்றார்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணவரை இழந்தபின், ஒரு மாட்டை வைத்துப் பால் விற்றே பிள்ளைகளை ஆளாக்கியவர் அக்கா. நாங்கள் அப்போது பக்கத்து வீடு. மாடு தின்பதை அவர் உட்கார்ந்து பார்ப்பார். முதலில் அது வாய்கொள்ளாமல் அள்ளும். போகப்போக வாய் சிறுக்கும், நடுநடுவே நிற்கும், பிறகு புல்லைச் சும்மா புரட்டும். உடனே எழுந்து மிச்சத்தை ஒதுக்கிவிடுவார். இன்னும் கொஞ்சம் தின்னட்டுமே என்றால், "அதுக்குப் போதும்னு தெரியுது, நமக்குத்தான் தெரியல" என்பார்.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்குப் பின் வந்த முதல் மாட்டுப் பொங்கலில் எங்கள் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவிலேயே மாடு அவரிடம் மட்டும்தான். வீட்டுக்கு ஒரு பானை சர்க்கரைப் பொங்கல் வந்தது. தன் வீட்டுப் பொங்கலை மாடு தொடாவிட்டால் அந்த வருடம் விளங்காது என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. ஒரு பானையில் சலித்து நின்ற மாடு, அடுத்த பானையின் வெல்ல வாசனைக்கு மறுபடி வாய் திறந்தது. அக்கா போதும் போதும் என்றார், யார் கேட்டோம்? சாயங்காலம் வயிறு உப்பியது. எண்ணெய் புகட்டியும் பலனில்லாமல் மறுநாள் மாடு செத்துப்போனது.

அக்கா யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. தோட்டை விற்று வேறு மாடு பிடித்தார். அடுத்த பொங்கலுக்கு அவர் வாசலை மிதிக்க எங்களுக்கு முகமில்லை. அவரே வீடு வீடாக வந்தார். "பானையோட வாங்க. வராம இருந்தீங்கன்னாதான் எனக்கு வருத்தம்" என்றார்.

போனோம். மாடு புல்லைப் புரட்டிக்கொண்டு நின்றது. விடிந்ததிலிருந்து பச்சைப்புல் போட்டு, அதன் வாய் ஓயும்வரை பார்த்திருந்துதான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு பானையிலும் ஒரு விரல் எடுத்து நீட்டினார். மாடு நக்கியதும் கையை இழுத்துக்கொண்டார். ஒரு வீடும் விடுபடவில்லை, மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பறிகொடுத்தவருக்கு இப்படியொரு மனசும் மூளையும் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று சொந்தமும் அக்கம்பக்கமும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா யாரையும் மறுக்கவில்லை. ரசஞ்சோறு, பாயசம், என் மனைவி கொடுத்தனுப்பிய கஞ்சி, எல்லாவற்றிலும் ஒரு வாய் வாங்கிக்கொண்டார். மகள் இன்னொரு கரண்டி எடுக்க, அந்தக் கையை மெல்லத் தாழ்த்தினார்.

"போதும்லா. எல்லார் வீட்டுதும் சாப்பிட்டாச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் புரிந்தது. கிண்ணங்களை நான்தான் எடுத்து ஒதுக்கி வைத்தேன்.

நிறைவாகப் போய் வாருங்கள், அக்கா.