ஓசூரில் இன்னொரு குப்பன்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்டது போட்டபடி ஓசூருக்குக் கிளம்பினேன். காரணம் என் மகன் குப்பன். "பேரை குமார்னு மாத்திக்கப் போறேம்மா, திங்கக்கெழம கையெழுத்து" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தான். நான் வைத்த பெயர். விடுவேனா?

நாகரசம்பட்டியில் காலை ஆறரைக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கிருஷ்ணகிரியில் மாற வேண்டும். அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. சூளகிரி தாண்டினால் காற்றே குளிர்ந்துவிடும்.

ஆட்டோக்காரர் "எல்லிகம்மா?" என்று கன்னடத்தில் கேட்டு, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். தெருவைச் சொல்லி, குப்பன் வீடு என்றேன்.

"அங்க குப்பன்னு யாரும் இல்லீங்களே. கம்பெனி குமார் இருக்காரு."

"அவன்தான். ஓட்டு." அறுபது ரூபாய்.

வீட்டில் சம்பந்தியம்மாள் வந்திருந்தாள். மதுரைக்காரி. கல்யாணப் பந்தலில், "மாப்பிள்ளை குப்பையா? தொட்டியும் கூட வருமா?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தவள். அன்று கட்டியிருந்தது மாம்பழ நிறப் பட்டு, முந்தியில் ரசக்கறை.

மதியச் சாப்பாட்டுக்கு மகனுடைய கம்பெனியின் ஜப்பான் இன்ஜினியர் வந்தார். அறுபது வயதிருக்கும். களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார். அங்கேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. குமார் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கிலீஷில் கேட்டாராம்.

"அது அவன் பேரே இல்ல" என்றேன். "இவனுக்கு முன்னால ரெண்டு பொறந்து தங்கல. இவனைக் குப்பைமேட்டுல போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எடுத்தா. அவகிட்ட ஒரு மொறம் தவிடு குடுத்துத் திருப்பி வாங்கினேன். வேண்டாத புள்ளைன்னா எமன் திரும்பிப் பாக்க மாட்டான். அதான் குப்பன். சொல்லுடா, ஒரு வார்த்தை விடாம சொல்லு."

காது சிவக்கச் சொன்னான். ஜப்பான்காரர் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் பெயர் சுதேகிச்சி. சுதே என்றால் எறிந்தது, கிச்சி என்றால் நல்ல காலம். அவருடைய அண்ணன்களும் தங்கவில்லையாம். அவரைக் கூடையில் வைத்து நாற்சந்தியில் விட்டுவிட்டு, முன்பே சொல்லிவைத்த பக்கத்து வீட்டுக்காரரை விட்டு எடுத்துவரச் செய்தார்களாம். எறிந்த பிள்ளை பிழைக்கும் என்பது அங்கேயும் பழைய வழக்கம். இப்போது யாரும் அந்தப் பெயரை வைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் சிரித்தார்களாம்.

"ஏன் மாத்திக்கலைன்னு கேளு."

கேட்டான். பதிலைக் கேட்டதும் களித் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்னடா?"

"'எங்கம்மா பொய்யாத்தான் எறிஞ்சாங்க. நான் பேரை மாத்தினா நெசமாவே எறிஞ்ச மாதிரி ஆயிடும்'னு சொல்றாரும்மா."

"ஏங்க சம்பந்தி, அப்ப ஜப்பான்லயும் குப்பன் இருக்காகளா?" என்றாள் மதுரைக்காரி.

"இருக்காங்க. தொட்டிதான் இல்ல."

மாலை நாலு மணிக்கு மகனே என்னை அதே ஆட்டோவில் ஏற்றினான். "வாங்க குமார் சார்" என்றார் ஆட்டோக்காரர்.

"குப்பன்னே கூப்பிடுங்கண்ணே" என்றான்.

ஓசூர் போகிறவர்கள் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது, முன்பே கிளம்பிவிடுங்கள். சம்பந்தியை மன்னித்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ரசக்கறை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. என் மகன் வீட்டுக்குப் போவதானால் குப்பன் வீடு என்று கேளுங்கள். இப்போது ஆட்டோக்காரருக்குத் தெரியும்.