கடல் இன்னும் இறங்கவில்லை

பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையது ரொம்ப நாளாகவே முனகிக்கொண்டிருந்தது. நான் ஒரு பக்கம் டைப் செய்து முடிப்பதற்குள் இரண்டு முறை தூங்கி எழும். “உங்களுக்குப் பொருத்தமான ஜோடிதாங்க” என்பாள் என் மனைவி சாந்தி.

புதியதைக் கடைக்காரரே கொண்டுவந்து மாட்டினார். நெட் கனெக்‌ஷன் கொடுக்க, வீட்டு வைஃபை பாஸ்வேர்டு கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. சாந்தி வெளியே போயிருந்தாள். “சரி சார், இப்போதைக்கு வேற மாதிரி போட்டுத் தரேன், அப்பறமா மாத்திக்குங்க” என்று என் போனை வாங்கி ஏதோ செய்தார். திரையில் ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தது. நானும் எல்லாம் புரிந்தவன்போல் தலையாட்டினேன். தலையாட்டுவதில்தான் நமக்கு எவ்வளவு அனுபவம்...

கம்ப்யூட்டர் எனக்காக, நான் வாராவாரம் பத்திரிகைக்கு எழுதும் கட்டுரைக்காக வாங்கியது. ஆனால் அதற்கு முதல் வேலை வைத்தவள் சாந்தி. அவள் கல்வராயன் மலையில் டீச்சர். கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும்போது போனில் சிக்னல் முழுசாக இருக்கும். மலைப் பாதையில் வளைவுக்கு ஒரு கோடாகக் குறைந்து, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது போன் வெறும் கடிகாரம் ஆகிவிடும். அதனால் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய வீடியோக்களை வீட்டிலேயே டவுன்லோடு செய்து பென் டிரைவில் எடுத்துப் போவாள்.

அந்த வாரம் ஐந்தாம் வகுப்புக்குக் கடல் பாடம். பதினோரு பிள்ளைகள். ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. சாந்தி தேடிப் பிடித்து ஒரு நல்ல வீடியோவை வைத்திருந்தாள். அலை, கப்பல், திமிங்கிலம், ஆழ்கடல் என்று முக்கால் மணி நேரம் ஓடும். வேறொரு பள்ளியிலிருந்து புரொஜெக்டரும் இரவல் வாங்கியாகிவிட்டது. அடுத்த வாரம் திங்கள் சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டவுன்லோடு போட்டோம். பத்து நிமிஷம் பறந்தது. பிறகு படுத்துவிட்டது. மீதி நேரம் எவ்வளவு என்று பார்த்தால், பத்தொன்பது மணி நேரம் என்றது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். முப்பத்தோரு மணி நேரம் என்றது. நேரம் ஆக ஆக, மீதி நேரமும் ஏறிக்கொண்டே போகிற அதிசயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“என் போன்ல நல்லாத்தான வருது? அதுல எறக்கிடலாம்னா மெமரி ஃபுல்லா கீது, ஸ்கூல் குரூப் போட்டோவா வந்து ரொம்பிக் கெடக்குது” என்றாள் சாந்தி.

“போன் வேற, கம்ப்யூட்டர் வேற” என்றேன். அந்த வாரம் நான் சொன்னதிலேயே உண்மையான வாக்கியம் அது. அப்போது எனக்கே தெரியாது.

அடுத்த மூன்று நாள் நான் செய்த வைத்தியங்களைக் கேளுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். டிவி பக்கத்தில் இருந்த மோடத்தைத் தூக்கி பீரோ மேல் வைத்தேன். அதன் இரண்டு கொம்புகளையும் கம்ப்யூட்டர் இருக்கும் பக்கம் திருப்பிவிட்டேன். பழைய அலுவலக நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்டு ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம் நிறுத்தினேன். பால் திரிந்தது. நெட் திருந்தவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தினமும் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வேகமாக வருகிறது. பிறகு நாள் முழுக்க நத்தை. உடனே எனக்குள் ஒரு துப்பறிவாளர் எழுந்து உட்கார்ந்தார். காலையில் நமக்குக் கொஞ்சம் காட்டிவிட்டு, பிறகு அதைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். எங்களுக்கு நெட் கொடுக்கிற கேபிள்காரர்கள் வேலைதான் இது. சந்தேகமே இல்லை.

அதே வாரம் என் போனும் மந்தமாகியிருந்தது. சூடாகவும் இருந்தது. மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். காலையிலேயே ஏதோ மெசேஜ் வேறு வரும். விளம்பரம் என்று படிக்காமலே அழித்துவிடுவேன். போனுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். துப்பறிவாளர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மலையில் பிள்ளைகள் தினமும் கேட்டார்களாம்.

“டீச்சர், கடல் இன்னும் எறங்கலியா?”

சாந்தி இதைச் சாப்பிடும்போது சொல்வாள். எனக்குச் சோறு இறங்காது.

புதன்கிழமை புகார் சொல்லி லைன்மேனை வரவழைத்தேன். பெயர் ஏழுமலை. நைனார்பாளையத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கனெக்‌ஷன் கொடுத்தவரே அவர்தான். ஏணியைச் சாய்த்து ஏறினார். ஒயரை நறுக்கிப் புதிதாக இணைத்தார். இறங்கி வந்து, மோடத்தின் பக்கத்தில் தன் போனை வைத்துச் சோதித்துக் காட்டினார்.

“லைன் சுத்தமா கீதுங்க சார். ஃபுல் ஸ்பீடு வருது, பாருங்க.”

“அப்புறம் ஏன் டவுன்லோடு ஆகல?”

“ஒரு வாட்டி சிஸ்டத்துல பாத்துட்டா தெரிஞ்சிடுங்க” என்று இரண்டு எட்டு வைத்தார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். கம்பத்துத் தூசி, கறுப்பு டேப்பின் பிசுக்கு. கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரையில் ஒட்டிவந்த கண்ணாடித் தாளைக்கூட நான் இன்னும் உரிக்கவில்லை.

“வேணாம்ப்பா. அதுல ஒண்ணும் இல்ல. அது புதுசு” என்றேன்.

ஏழுமலையும் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பேன்ட்டில் துடைத்தார். “சரிங்க சார்” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஏறினார், இறங்கினார். இந்த முறை குரலில் கொஞ்சம் அலுப்பு. “சார், வெளிய பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேங்க. மிச்சம் இன்னா இருந்தாலும் உள்ளதான் கீது.”

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் வந்து என்னையே குறை சொல்வதா? அவர் தெருவைத் தாண்டுவதற்குள் கேபிள் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புகார் எழுதினேன். எழுதுகிறவனுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும்? வாக்கியம் அழகாக வரும். ‘பொறுப்பின்மை’ என்று ஓரிடத்திலும் ‘அலட்சியத்தின் உச்சம்’ என்று ஓரிடத்திலும் போட்டேன். இரண்டு முறை படித்து ரசித்தேன். அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ‘ஆளை மாற்றிவிட்டேன் சார். இனிமேல் அவர் மூங்கில்துறைப்பட்டு லைன் பார்ப்பார்.’

வெற்றி. கடல் மட்டும் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை சாந்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். அரை மணி நேரம் கழித்துக் காய்கறிப் பையோடு திரும்பி வந்தால், என்னை விசித்திரமாகப் பார்க்கிறாள்.

“இன்னாங்க, நீங்க வெளிய போனா நெட்டும் உங்க கூடவே கெளம்பிப் போவுது.”

“என்ன உளர்ற?”

“செருப்பு மாட்டிக்கினு கேட்ட தாண்டுனீங்க, நின்னுடுச்சு. இப்போ உள்ள வந்தீங்க, ஓடுது. நேத்துகூட நீங்க கடைக்குப் போனப்ப இப்படித்தான். போன இங்க வச்சிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க.”

போனேன். வந்தேன். “நிக்கல, ஓடிக்கினே கீது” என்றாள். “இப்போ போன எடுத்துக்கினு போங்க.”

போனேன். தெருமுனையைத் தொடுவதற்குள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “போச்சு. திரும்பி வாங்க.” திரும்பினேன். “வந்துடுச்சு. இன்னொரு வாட்டி போங்க.” மூன்றாவது நடையில் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். “இன்னா சார், டாக்டர் நடக்கச் சொன்னாரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்குள் வந்தபோது சாந்தி திரையைக் காட்டினாள். இணைக்கப்பட்டது என்று இருந்ததே, எதோடு இணைக்கப்பட்டது? அங்கே இருந்தது எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் இல்லை. என் போனின் பெயர்.

விஷயம் இதுதான். கடைக்காரர் அன்றைக்கு என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அது தானாக அணையாதபடியும் செய்து, அதில் கம்ப்யூட்டரைக் கோத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வாரமாக அந்தப் பெரிய இயந்திரம், என் சட்டைப் பையிலிருந்த போனிலிருந்து டேட்டாவை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் அன்றைய டேட்டா இருக்கும்வரை ஓட்டம், தீர்ந்ததும் நத்தை. நான் தினமும் படிக்காமல் அழித்தது விளம்பரம் இல்லை. ‘உங்கள் இன்றைய டேட்டா முடிந்துவிட்டது’ என்ற தகவல். ஃபுல் ஸ்பீடில் வந்த வீட்டு நெட்டோ, பீரோ மேல் கொம்பை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

பாஸ்வேர்டு எங்கே? மோடத்தைத் திருப்பினாள் சாந்தி. அடியில் ஒரு துண்டுச் சீட்டு, டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஏழுமலை கனெக்‌ஷன் கொடுத்த அன்றைக்கே, நான் மறந்துவிடுவேன் என்று தெரிந்தோ என்னவோ, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஆறு நிமிஷத்தில் கடல் இறங்கியது.

சாந்தி பென் டிரைவைக் கைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டாள். “அந்த ஏழுமலைக்கு இன்னா சொல்லப் போறீங்க?”

போனில் ஸாரி சொல்லிவிடலாம் என்றேன். அவள் இருபது வருஷம் ஐந்தாம் வகுப்பை மேய்த்த பார்வை ஒன்று பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன்.

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு அரவை நேரம். ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் வரிசையாக நின்றன. கரும்பை மலைபோல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று போகிற போக்கில் கேபிளை இழுத்து அறுத்துவிட்டுப் போயிருந்தது. கம்பத்தின் மேல் ஏழுமலை. காலையிலிருந்து அது மூன்றாவது அறுப்பாம். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

“இன்னா சார், இங்க வந்திருக்கீங்க?”

“தப்பு என்னுதுதான் ஏழுமலை” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“எனக்கு அன்னிக்கே ஒரு டவுட்டு இருந்துச்சுங்க. மேசை மேல உங்க போனு, சார்ஜரும் இல்லாம அப்படிக் கொதிச்சிக்கினு கெடந்துச்சு. உள்ள வுட்டிருந்தா ரெண்டு நிமிசத்துல மாத்திக் குடுத்திருப்பேன்.”

“சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொன்னா நம்பியிருப்பீங்களா சார்?”

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

நைனார்பாளையம் எங்கே, மூங்கில்துறைப்பட்டு எங்கே. அவர் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். “முன்னல்லாம் சாயங்காலம் நானே பாப்பாவ ஸ்கூல்ல இருந்து இட்டாந்துடுவேங்க. இப்போ பக்கத்து வூட்டுக்காரங்க இட்டார்றாங்க. வூட்டுக்குப் போறப்ப தூங்கிடுது” என்றார். புகாராகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். புகார் எழுதுகிற பழக்கம் எனக்கு மட்டும்தான்.

திங்கள் காலை முதலாளியைப் போய்ப் பார்த்தேன். விவரத்தைச் சொன்னேன். அவர் என் வாட்ஸ்அப் புகாரைத் திறந்து, ‘அலட்சியத்தின் உச்சம்’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“எழுத்துல குடுத்தீங்க சார். வாபஸும் எழுத்துலயே குடுத்துடுங்க. எங்க ஆளுங்க குரூப்ல போடணும்.”

அன்று சாயங்காலம் சாந்தி புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளைகள் வீடியோவை இரண்டு முறை பார்த்தார்களாம். முதல் அலை வந்தபோது முன்வரிசை காலைத் தூக்கிக்கொண்டதாம். ஒரு சிறுமி மட்டும் கடைசிவரை யோசித்துவிட்டு, “இவ்ளோ தண்ணி கீதே டீச்சர், அப்பறம் ஏன் அங்க யாரும் தெனை வெதைக்கல?” என்று கேட்டாளாம். நாளைக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும் என்றாள்.

நான் அப்போது கடிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புகாரை எழுதப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இதற்கு ஒரு மணி நேரமாகியும் நாலு வரி தேறவில்லை. எழுதியதை வாங்கிப் பார்த்தாள் சாந்தி.

“‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ன்னு போட்டிருக்கீங்க. யாரோட கோளாறு?”

அடித்துவிட்டு வேறு எழுதினேன். அதையும் படித்தாள். “‘தவறான புரிதல் ஏற்பட்டது’. அது எங்கேர்ந்து ஏற்பட்டுச்சு, வானத்துல இருந்தா?”

மூன்றாவது தாளில் எழுதினேன்: ‘கோளாறு லைனில் இல்லை. ஏழுமலையிடமும் இல்லை. அவரைச் சோதிக்க விடாமல் தடுத்தது நான். தவறாகப் புகார் எழுதியதும் நான்.’

“ம்... இது தமிழ்” என்றாள்.

புதன்கிழமையிலிருந்து ஏழுமலை மறுபடி எங்கள் ஏரியாவில்தான் இருக்கிறார். நேற்று தெருவில் பார்த்தபோது வண்டியை நிறுத்தினார். “குரூப்ல எல்லாரும் படிச்சாங்க சார்” என்றார். இப்போது சிரித்தார்.

இத்தனை வருஷமாக வாராவாரம் எழுதுகிறேன். எழுவாயை எங்கே வைப்பது என்று போன திங்கட்கிழமைதான் கற்றுக்கொண்டேன்.