அப்பாவைக் கூப்பிட்ட காரணம்

மின்தூக்கி பழுதுபார்க்கும் பூன் ஹெங்குக்குச் சரளமாகப் பொய் சொல்ல வராது. அதனால் அந்தப் பொய்யில் பாதி உண்மையைக் கலந்துதான் சொன்னான்.

"ஏன்பா தனியா கிடக்குறீங்க? எங்களோட வந்து இருங்க," என்றான், புக்கிட் மேராவில் ஓரறை வாடகை வீட்டிலிருந்த அப்பாவிடம்.

பொங்கோலில் பார்த்துவைத்த வீட்டுக்கு முன்பணம் போதவில்லை. பெற்றோரையும் சேர்த்துக் குடிவைத்தால் அரசாங்க மானியம் கூடும் என்று கண்டுபிடித்தவள் மனைவி சியூ பெங். "அதை மாமாகிட்டச் சொல்லிட்டே கூப்பிடலாமே," என்றாள். இவன்தான் தடுத்தான். விஷயம் தெரிந்தால் கிழவர் முறுக்கிக்கொள்வாராம். பெற்ற தகப்பனை எடைபோட்ட லட்சணம் அது!

கிழவர் கியோங் மறுவாரமே வாடகை வீட்டைக் காலிசெய்ய எழுதிக் கொடுத்தார். கூண்டில் வளர்த்த பாட்டுக் குருவியையும், "புது வீட்டுல உங்க தூக்கத்தைக் கெடுக்கும்," என்று பக்கத்து வீட்டுக்குத் தந்துவிட்டார். அப்போதாவது பூன் ஹெங் வாயைத் திறந்தானா? இல்லை.

வீடமைப்பு அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும், அப்பா புரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நம்பிப் போனான். அங்கிருந்த பெண்ணோ நல்ல மனசுக்காரி. பெரியவருக்குப் புரியட்டும் என்று அவர் பேசும் சீன வழக்கான ஹொக்கியனிலேயே விளக்கினாள்.

"அங்கிள், நீங்க சேர்ந்து இருக்கறதாலதான் இவங்களுக்கு இவ்வளவு மானியம். அஞ்சு வருஷம் அங்கேயே இருக்கணும், சரியா?"

கிழவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் தன் செருப்பைப் பார்த்தான்.

"நடுவுல நான் செத்துப்போயிட்டா?" என்று கேட்டார் கிழவர். "பையன் திருப்பிக் கட்டணுமா?"

"ஐயோ, அதுக்கெல்லாம் கேக்க மாட்டாங்க அங்கிள்."

"அப்பச் சரி," என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே மகனுக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் பூன் ஹெங்கைக் கொன்றது. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

பேருந்து நிறுத்தத்தில், "அப்பா, நான் வந்து..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் என்ன சொல்வது? மானியம் இல்லாவிட்டாலும் கூப்பிட்டிருப்பேன் என்றா? அது உண்மையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"விடுடா. பணத்துக்குன்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்," என்றார் கிழவர். "என்ன, கோப்பிக் கடையில ஒருத்தன் விடாம சொல்லிவச்சிட்டேன், நான் இல்லாம என் மகனால இருக்க முடியலையாம்னு. அதுதான் கொஞ்சம் வெக்கமாப் போச்சு."