ஜாய்ஸ் தைக்க மறுத்த முடி

நாகர்கோவில் சந்திப்பில் காலைப் பாசஞ்சரில் ஏறும்போதே மழை பிடித்துவிட்டது. திருவனந்தபுரத்துக்கு எழுபது கிலோமீட்டர், தலைக்கு இருபது ரூபாய். ‘தலைக்கு’ என்று சீட்டுக் கொடுக்குமிடத்தில் உரக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற மனைவி பகவதியைப் பார்த்து நடுங்கினேன். நான்கு முறை மருந்து ஏற்றியதில் அவள் முடி முழுவதும் கொட்டிப்போயிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் நான் ‘முடியாது’ என்றுகூடச் சொல்வதில்லை. ‘இயலாது’ என்கிறேன். பேச்சுப்போட்டிக்குப் போகிற பையன் மாதிரி இருக்கிறது என்று மகள் அனு கேலி செய்கிறாள். பகவதி எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தலையில் பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறசாலை தாண்டும்வரை ஈர வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே வண்டியில்தான் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இந்தத் தடவை வேறு காரியம். அடுத்த வெள்ளிக்கிழமை அனுவுக்கு நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலி. பகவதியின் நோயைப் பற்றி அவர்களிடம் நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயம். இந்தப் பயத்தில் நான் போட்ட திட்டம் எளிமையானது: ஒரு நல்ல விக் வாங்கி, அதற்குள் எங்கள் குடும்பத்தையே ஒளித்துவைப்பது. கிழக்கேகோட்டையில் ஜாய்ஸ் என்பவரிடம் போகச் சொல்லி, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் ஒரு போன் நம்பர் கொடுத்தாள். நான் பேசினேன். அந்தக் குரலின் மலையாளத்தைக் கேட்டு, கோட்டயத்துக் கிறிஸ்தவப் பெண்மணி என்று முடிவு கட்டினேன்.

ஒன்பதரைக்குத் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினோம். சாலையில் முட்டளவு தண்ணீர். கிழக்கேகோட்டைப் பழவங்காடிக்குப் போக ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கேட்டார். ஒரு கிலோமீட்டர்கூட இல்லையே என்றேன். “வெள்ளம் கண்டில்லே, சேட்டா?” என்றார். போகிற இடத்தைச் சொன்னதும், “ஆப்ரிக்கன் சேச்சியோட கடதானே?” என்று அவரே மாடிவரை அடையாளம் சொன்னார்.

நான் பகவதியைப் பார்த்தேன்.

“ஒங்களுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்லா” என்றாள்.

கடை, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், குடைக்கடை ஒன்றின் மாடியில். கோயிலில் சிதறுகாய் உடைபடும் சத்தம் ஓயவில்லை. ஒவ்வொரு உடைப்புக்கும் என் தோள் ஒருமுறை துள்ளியது. குடைக்கடைக்காரர் தென்காசிப் பக்கம். முப்பது வருஷமாக இங்கே. மழை நாளில் கடையை விட்டு நகராதவர் அன்று ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். ஜாய்ஸ் அம்மா பக்கத்து மண்டபத்தில் இருக்கிறார்கள், இன்றைக்குப் பாராட்டு விழா, நீங்களும் வாருங்கள் என்று எங்களுக்கு ஆளுக்கொரு குடை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

மண்டபத்து வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது; குடைக்காரர் படித்துச் சொன்னார். நம் நகரத்தில் தொழிலும் பொதுப்பணியும் செய்யும் கறுப்பினப் பெண்களுக்கு ஆதரவு தரும் விழாவாம். மேடையில் மூன்று பேர். ரெஹேமா தான்சானியா நாட்டுக்காரர். காரியவட்டத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறார். அபெனா கானாவிலிருந்து படிக்க வந்தவர். ஆப்பிரிக்க மாணவர்களுக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று கதவடைத்த தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, நாற்பது பிள்ளைகளுக்கு மேல் கூரை தேடிக் கொடுத்தவர். மூன்றாவது ஜாய்ஸ். உகாண்டா. பட்டப்படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சந்தின் வியாபாரிகள் சங்கத்துக்கு இவர்தான் செயலாளர்.

சந்தில் தமிழ்நாட்டு வியாபாரிகள் இத்தனை பேர் இருக்க, எப்படி இவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று குடைக்காரரிடம் கேட்டேன்.

“சாக்கடை ஓடைத் தண்ணி வருஷா வருஷம் கடைக்குள்ள வருது. நாங்க மனு கொடுத்தா, நீங்க தமிழ்நாட்டுலேந்து எப்போ வந்தீங்கன்னு கார்ப்பரேஷன் ஆபீஸ்ல கேப்பான். இவங்க தினமும் போய் நின்னாங்க. இவங்களப் பாக்கலைன்னு எவனும் சொல்ல முடியாதுல்லா” என்றார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நான் குடையை மடக்கினேன்.

சிறப்புப் பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசினார். நிறம் பார்க்காத நகரம் இது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பகவதி என் காதருகே குனிந்து, “பாக்கலைன்னா எதுக்கு இத்தன தடவ சொல்லுதாரு?” என்றாள். எனக்குப் பெண் பார்த்தபோது, என்னுடைய அட்டக்கரி நிறத்தை ‘மாநிறம்’ என்று தரகர் இவள் வீட்டில் சொல்லியிருந்தார். மறைத்துக் கட்டுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல.

பொன்னாடைகள் போர்த்தினார்கள். கடைசியில் ஜாய்ஸ் மைக்கைப் பிடித்தார். நன்றி சொன்னார். பிறகு, ஓடைக்கு மூடி போடுவதாகச் சொல்லி இரண்டு மழைக்காலம் போய்விட்டது, கவுன்சிலர் இங்கேயே இருக்கிறார், தேதியைச் சொன்னால் நாங்கள் எல்லோரும் கைதட்டலாம் என்றார். கவுன்சிலர் தம் போனைக் குனிந்து பார்த்தார். கைதட்டல் ரெஹேமாவிடமிருந்துதான் முதலில் வந்தது.

மதியம் கடைக்குத் திரும்பினோம். மாடியில் ஆறு பெண்கள் வலைத்தொப்பிகளில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கோத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பேருக்குத் தலைமுடி விரலளவே வளர்ந்திருந்தது. அவர்களும் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் என்று புரிய எனக்கு நேரமாகவில்லை. ஜாய்ஸ் பொன்னாடைகளை ஸ்டூலில் போட்டுவிட்டு, பகவதியைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, தலைத்துணியை அவிழ்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரில் எமகண்டம் எப்போது என்று பார்த்தேன்.

“சேச்சி, இந்த முடி யாருக்கு வேணும்?”

பகவதி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். “இவங்களுக்கு.”

ஜாய்ஸ் தலையை ஆட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார். அளவு நாடாவை என் நெற்றியையும் பிடரியையும் சேர்த்துச் சுற்றி, “இருபத்துமூணு” என்று சத்தமாகச் சொன்னார். ஒருத்தி அதைக் குறித்தும் கொண்டாள். ஆறு பேரும் சிரித்தார்கள். பகவதியும் சிரித்தாள். மூன்று மாதத்தில் நான் கேட்காத சிரிப்பு. ஏற்கெனவே முக்கால் வழுக்கையான மண்டையில் நாடாவோடு, ‘அளவு சரிதானா?’ என்று கேட்டுவைத்தேன்.

பிறகு என்னைக் கீழே போகச் சொன்னார்கள்.

குடைக்கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்குப் போல் சனிக்கிழமை மதியங்களில் மாடியில் நோயாளிப் பெண்கள் கூடுவார்கள், ஆண்களுக்கு அனுமதியில்லை, என்ன பேசுகிறார்கள் என்று இன்றுவரை தெரியாது என்றார் குடைக்காரர். மழை வலுத்தது. ஓடைத் தண்ணீர் வாசற்படியின் முதல் கல்லைத் தொட்டது. வெள்ளிக்கிழமை, சம்பந்தி, ஐந்தாவது மருந்து, ஸ்கேன் என்று என் மூளை வரிசையாக ஓடி, வரிசை முடிந்ததும் முதலிலிருந்து ஓடியது.

மூன்று மணிக்கு ஜாய்ஸ் பகவதியோடு இறங்கி வந்தார். கையில் எதுவும் இல்லை.

“சேச்சி வேண்டாம்னு பறஞ்சு. பின்னே நான் எந்தா செய்யா?”

நான் பதறினேன். வெள்ளிக்கிழமை ஒரு நாளுக்கு மட்டும், தைத்தது ஏதாவது இருந்தால் போதும், எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்று உளறினேன். ஜாய்ஸ் முழுவதையும் கேட்டார்.

“வெள்ளிக்கிழமைக்கு முடி தரலாம், சேட்டா. அது கழிஞ்சு?”

சட்டைப்பையில் பணத்தைத் தொட்ட கையை வெளியே எடுத்தேன். எப்போது சேச்சிக்கே ஆசை வருகிறதோ அப்போது வாருங்கள், அவளுக்கு நெற்றியில் சுருள் விழுகிற மாதிரி தைத்துத் தருவேன் என்று சொல்லிவிட்டு, ஓடையைப் பார்க்கப் போனார் செயலாளர்.

மாலை வண்டியில் கூட்டம் அதிகம். எங்கள் ஊரில் நோய் வந்தால் முதலில் வாசற்கதவைச் சாத்துவோம். நானும் அதைத்தான் செய்திருந்தேன். வேற்று தேசத்திலிருந்து வந்து, வீடு மறுக்கப்பட்ட தெருக்களில் தொழில் நடத்தும் ஒரு பெண், கதவில்லாத ஒரு மாடியைத் திறந்துவைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் பயம் தெளிந்து வரவேண்டும். நான் தெளியவில்லை.

பாலராமபுரம் தாண்டியதும் பகவதி போனை என்னிடம் நீட்டினாள். “திருநெல்வேலிக்குக் கூப்பிடுங்க.”

“வீட்டுக்குப் போயி…”

“வீட்டுக்குப் போனா நீங்க கூப்பிட மாட்டீங்க.”

கூப்பிட்டேன். சம்பந்தியிடம் நோயின் பெயரைச் சொல்லும்போது என் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை குரல் மாதிரி உடைந்தது. அந்தப் பக்கம் யாரோ பெண் குரல் என்ன என்று கேட்டது. பிறகு அவர், “சரி. வீட்டுல பேசிட்டுச் சொல்லுதோம்” என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை நான் சொல்ல, பகவதி கேட்டுக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் மழைநீர் சாய்ந்து ஓடியது.

“எப்போ சொல்லுவாங்களாம்?”

“தெரியல.”

“டாக்டரும் அப்படித்தானே சொல்லியிருக்காரு, ஸ்கேன் பாத்துட்டுச் சொல்லுதேன்னு. ரெண்டும் சேந்தே வரட்டும்.” தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “அடுத்த சனிக்கிழமையும் ஜாய்ஸ் மாடிக்கு வரச் சொல்லியிருக்கா. ஒரு டிக்கெட் எடுத்தாப் போதும்.”